நைட்டியில் வருபவர்களுக்குப் பொருள் கிடையாது என்று கடையில் போர்டு மாட்டச் சொல்கிறார்கள். மாட்டலாமா?

தையல்கடை மதுரை:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் வைகைக்கு வடக்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். வரிசையில் ஒரு மளிகை, ஒரு பால் பூத், ஒரு ஜெராக்ஸ் கடையும் உண்டு. மேலே குடியிருப்பவர்களால்தான் எங்கள் நாலு கடைக்கும் பாதி வியாபாரம். பிளவுஸ் தைப்பேன், சேலைக்கு ஓரம் அடிப்பேன், பள்ளி யூனிஃபார்மும் எடுப்பேன். ஆனால் கடை வாடகையைக் கட்டுவது நைட்டிதான். விளக்குத்தூண் பக்கம் போய்த் துணி எடுத்து வந்து தைத்து விற்கிறேன், ரெடிமேடாகவும் வாங்கி விற்கிறேன்.

போன வாரம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரு தாளை லேமினேட் செய்து எடுத்து வந்தார். "இரவு உடை, கைலி, அரைக்கால் சட்டை ஆகியவற்றுடன் லிஃப்ட், வரவேற்பறை, கடைகள் உள்ளிட்ட பொது இடங்களுக்கு வருவதைத் தவிர்க்கவும். மீறுவோருக்குக் கடைகளில் பொருள் வழங்கப்பட மாட்டாது." கீழே சின்ன எழுத்தில், "நடைப்பயிற்சி நேரம் நீங்கலாக" என்று ஒரு வரி. செயலாளர் தினமும் காலையில் அரைக்கால் சட்டையோடு நடப்பவர். அந்த வரி யாருக்காக என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மளிகைக்காரர் அண்ணன் கெட்டிக்காரர். வாங்கி அரிசி மூட்டைக்குப் பின்னால் செருகிவிட்டார். எனக்கு அப்படிச் செய்ய வழியில்லை. என் கடை வாசலில் ஹேங்கர் ஹேங்கராகத் தொங்குவதே நைட்டிதான். "சார், இதை இங்கே மாட்டினால் டாஸ்மாக் கடையில் 'குடி குடியைக் கெடுக்கும்' என்று எழுதி வைத்த மாதிரி ஆகிவிடும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "விற்க வேண்டாம் என்று சொல்லவில்லையேம்மா. வாங்கி வீட்டுக்குள் போடட்டும்" என்றார்.

இது எங்கிருந்து கிளம்பியது என்று விசாரித்தேன். நாலாவது மாடியில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். லிஃப்ட் கதவு திறந்ததும் உள்ளே மூன்று பெண்கள், மூன்று பேரும் நைட்டி, தோளில் துண்டு, ஒருவர் கையில் கறிவேப்பிலைக் கட்டு. வந்தவர்கள் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்களாம்.

என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். நைட்டியில் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்கிற ஆள் நானில்லை. நான் ரேஷன் கடைக்கு நைட்டியில் போக மாட்டேன். பேங்குக்குப் போக மாட்டேன். எங்கள் பக்கத்துப் பெண்களிடம் யாரும் எழுதி வைக்காத ஒரு கணக்கு இருக்கிறது. வாசல் வரைக்கும் வெறும் நைட்டி. தெருமுனை வரை நைட்டியும் துண்டும். மெயின் ரோட்டைத் தாண்ட வேண்டும் என்றால் சுடிதார். பஸ் ஏறினால் சேலை. இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும், யாரும் தப்புவதில்லை. என் கடை தெருமுனைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. அப்படியிருக்க இப்போது போர்டு எதற்கு?

செயலாளருக்குத் தெரியாத இன்னொன்று. காலை ஆறு மணிக்குப் பால் வாங்க வருகிற பெண் ஏன் சேலை கட்டி வரவில்லை? குளிக்கவில்லை, அதனால்தான். அடுப்பு வேலை, டிபன் பாக்ஸ், பாத்திரம், பிள்ளைகள் பள்ளி வேன், எல்லாம் முடிந்த பிறகுதான் குளியல். குளிக்காமல் நல்ல சேலையை உடம்பில் சுற்ற நம் பெண்களுக்கு மனசு வராது. குளிக்கிற வரைக்கும் போட ஓர் உடுப்பு வேண்டும். முன்பெல்லாம் அதற்குப் பழைய சேலை இருந்தது. இப்போது நைட்டி இருக்கிறது. இந்த போர்டு மாட்டினால் தடுக்கப்படுவது வேலை செய்கிற நேரத்தில் கீழே இறங்குகிறவர்கள்தான். காரில் ஏறிப் பேஸ்மென்ட் வழியாகப் போகிறவர்கள் கண்ணில் இது படக்கூடப் போவதில்லை.

போர்டு மாட்டச் சொல்ல இவர்களுக்கு உரிமை உண்டா? கடை எனக்குச் சொந்தமில்லை, வாடகை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சட்டம் தெரியாதவர்களும் உங்கள் ஊரில் எப்படி என்று சொல்லுங்கள்.

திருச்சி ஓய்வூதியர்:

சகோதரிக்கு வணக்கம். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் பிழைப்பு எனக்குப் புரிகிறது. இருந்தாலும் சங்கத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் சொல்வேன்.

தாலுகா அலுவலகத்தில் நாங்கள் இருந்த காலத்தில், வயலில் இருந்து நேராக வருகிற விவசாயிகூட வாசல் மரத்தடியில் நின்று, மடித்துக் கட்டிய கைலியை அவிழ்த்துக் கணுக்கால் வரை இறக்கிவிட்டுத்தான் படியேறுவார். தலைப்பாகை கைக்கு வரும். தோளில் இருக்கும் துண்டு தானாகக் கக்கத்துக்குப் போகும். யாரும் போர்டு மாட்டவில்லை. இடத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. இன்று வருமானச் சான்று வாங்க வருகிற இளைஞன் பெர்முடாஸில், காதில் ஒயரோடு நிற்கிறான்.

அலுவலர்களே அப்படி ஆகிவிட்டதால்தான் 2019 மே மாதம் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு அரசாணையே போட வேண்டி வந்தது. பெண்கள் சேலை, அல்லது துப்பட்டாவுடன் சுடிதார். ஆண்கள் சட்டையும் முழுக்கால் சட்டையும், அல்லது வேட்டி. டி-சர்ட் கூடாது. அரசாணை போட்டுத்தான் சட்டை போடச் சொல்ல வேண்டும் என்ற நிலை வந்ததே, அதுதான் வருத்தம்.

நைட்டி என்பது படுக்கையறை உடை. பெயரிலேயே அது தெரிகிறது. அதன் மேல் ஓர் ஈரோட்டுத் துண்டைப் போட்டால் அது வெளி உடை ஆகிவிடாது.

எழும்பூர் வக்கீல்:

கேட்ட கேள்விக்கு மட்டும் முதலில் பதில். உங்கள் வாடகை ஒப்பந்தம் கடையின் உரிமையாளரோடு. சங்கத்தோடு இல்லை. சங்கத்துக்கு அதிகாரம் கொடுப்பது அதன் பதிவு செய்யப்பட்ட துணை விதிகள். அதில் இல்லாத ஒன்றை நிர்வாகக் குழுவில் நாலு பேர் உட்கார்ந்து பேசி, லேமினேட் செய்து விதியாக்கிவிட முடியாது. "தீர்மான நகலைக் கொடுங்கள், எந்த விதியின் கீழ் என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். ஒப்பந்தத்தில் "சங்க விதிகளுக்குக் கட்டுப்படுவேன்" என்று ஏதாவது வரி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சுவாரசியத்துக்கு. 2014 ஜூலையில் உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன், சேப்பாக்கம் கிரிக்கெட் கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டுக்கு வேட்டி கட்டிப் போனார். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்து விதி, வேட்டிக்கு இடமில்லை. சட்டசபையில் பெரிய சத்தம் எழுந்து, அடுத்த மாதமே ஜெயலலிதா அரசு சட்டம் கொண்டுவந்தது. வேட்டியோ வேறு இந்திய மரபு உடையோ அணிந்து வருபவரைப் பொது இடங்களில், கிளப்புகளில் தடுக்கக் கூடாது. தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், உரிமமும் போகும்.

இந்தச் சட்டம் அக்காவுக்கு உதவுமா என்றால், உதவாது. நைட்டியை மரபு உடை என்று எந்த நீதிபதி முன்னால் போய் நான் வாதாடுவது? இத்தனைக்கும் வேட்டி கட்டிய ஆண்களைவிட நைட்டி போட்ட பெண்களைத்தான் இன்று தெருவில் அதிகம் பார்க்கிறோம்.

உயர் நீதிமன்றத்தின் உங்கள் மதுரைக் கிளையிலேயே இன்னொரு கதை நடந்தது. 2015 நவம்பரில் தனி நீதிபதி ஒருவர் கோயில்களுக்கு உடை விதி வகுத்தார். ஆண்களுக்கு வேட்டி, பைஜாமா, அல்லது பேன்ட் சட்டை. பெண்களுக்குச் சேலை, தாவணி, அல்லது துப்பட்டாவுடன் சுடிதார். ஜீன்ஸ், லெக்கிங்ஸ், பெர்முடாஸ், கைலி எல்லாம் வெளியே. 2016 ஜனவரி 1 முதல் அமல். அந்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்தி வைத்தது, பிறகு ரத்தும் ஆனது.

நைட்டிக்கே தடை போட்டவர்களும் உண்டு. 2018-ல் ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் தொகலப்பள்ளி என்ற ஊரில் பெரியவர்கள் கூடி, காலை 7 முதல் இரவு 7 வரை நைட்டியில் வெளியே வந்தால் 2,000 ரூபாய் அபராதம், காட்டிக்கொடுத்தால் 1,000 ரூபாய் பரிசு என்று முடிவு செய்தார்கள். செய்தி வெளியே வந்ததும் அதிகாரிகள் ஊருக்குள் போய் விசாரித்தார்கள். உங்கள் செயலாளர் பரவாயில்லை, பரிசெல்லாம் அறிவிக்கவில்லை.

தக்கலைக்காரி:

திருச்சி ஐயா சொன்னதில் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். "தோளில் இருக்கும் துண்டு தானாகக் கக்கத்துக்குப் போகும்" என்று எழுதியிருக்கிறீர்கள். தானாகப் போகவில்லை ஐயா. போக வைத்தார்கள். எந்தத் தெருவில் யார் துண்டைத் தோளில் போடலாம், யார் கக்கத்தில் வைக்க வேண்டும், யார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பதெல்லாம் சாதி பார்த்து வைத்த விதி. தாலுகா அலுவலக மரத்தடியில் நீங்கள் பார்த்தது அதன் மிச்சம். வாங்கிப் பழகியவருக்கு அது மரியாதையாகத் தெரியும்.

எங்கள் கல்குளம், இரணியல் பக்கம் வந்து கேட்டுப் பாருங்கள். நாடார் பெண்கள் தோளில் சீலை போடக் கூடாது என்று திருவிதாங்கூரில் இருந்த தடைக்கு எதிராக 1822-ல் தொடங்கிய போராட்டம். சந்தையில் வைத்து ரவிக்கையைக் கிழித்தார்கள், ஜெபக்கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். 1859 ஜூலை 26-ல்தான் மகாராஜா பிரகடனம் போட்டார். அதிலும், மேல்சாதிப் பெண்கள் போடும் விதத்தில் மட்டும் போடக் கூடாது என்று ஒரு கொக்கி. இருநூறாம் ஆண்டு நிகழ்ச்சிக்கு 2023-ல் நாகர்கோவிலுக்குத் தமிழ்நாடு, கேரளா இரண்டு மாநில முதலமைச்சர்களும் வந்தார்கள்.

அன்று மூடாதே என்று சொன்னார்கள். இன்று கழுத்து முதல் கணுக்கால் வரை மூடியிருக்கும் நைட்டியைப் பார்த்து இது ஒழுக்கமில்லை என்கிறார்கள். உடம்பு எவ்வளவு தெரிகிறது என்பது எந்தக் காலத்திலும் பிரச்சினையாக இருந்ததில்லை. யார் எந்த வாசல் வழியாக வரலாம் என்பதுதான் பேச்சு. மதுரை அக்கா, உங்கள் குடியிருப்பில் வீட்டு வேலைக்கு வருகிறவர்களும் நைட்டியில் வருகிறார்களா? அதைக் கொஞ்சம் பாருங்கள்.

ஓஎம்ஆர் பையன்:

எங்கள் ஆபீஸில் ஷார்ட்ஸ் போடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். கொரோனாவில் மேலே ஃபார்மல் சட்டை, கீழே ஷார்ட்ஸ் என்று மீட்டிங்கில் உட்கார்ந்தவர்கள்தான் எல்லோரும். அப்புறம் ஆபீஸ் திறந்ததும் கீழ்ப் பாதி அப்படியே வந்துவிட்டது.

ஆனால் அதே ஷார்ட்ஸோடு ஊருக்கு, விருதுநகர் பக்கம், போய் இறங்கினால் அப்பா முதலில் கேட்பது "பேன்ட் தொலைஞ்சு போச்சா?". அவர் அப்போது கைலியை டப்பாக்கட்டு கட்டிக்கொண்டு, மேலே சட்டைகூட இல்லாமல், திண்ணையில் உட்கார்ந்திருப்பார். தொடை தெரிவது அவருக்குத்தான் அதிகம். சொன்னால் "இது கைலிடா" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

தையல்கடை மதுரை:

வக்கீல் சாருக்கு நன்றி. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு வரியும் இல்லை. தண்ணீர் மோட்டாருக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கிறது.

திருச்சி ஐயா, கோபிக்க வேண்டாம். படுக்கையறை உடை என்கிறீர்கள். நான் தைக்கிறவள், அதனால் சொல்கிறேன். படுக்கையறைக்கென்று தைக்கிற நைட்டி வேறு. அது வழவழப்பான சாட்டின் துணி, மேலே ஓவர்கோட் வரும், கல்யாணச் சீரில் வைத்துக் கொடுப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு யாரும் என் கடைக்கு வந்ததில்லை. தெருவில் நீங்கள் பார்ப்பது பருத்தி. காட்டன் பிரிண்ட், இல்லாவிட்டால் சின்னாளபட்டி சுங்குடி. 56 இஞ்ச் நீளம், கை முழங்கை வரை, கழுத்து ஏறியிருக்கும். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர்களுக்கு முன்பக்கம் ஜிப். இரண்டு மடங்கு எடையுள்ள பெண்ணுக்கும் சேரும்படி பக்கவாட்டில் விட்டுத் தைப்பேன். விலை 300, 350. சேலை கட்ட வேண்டுமென்றால் பாவாடை, பிளவுஸ், ஊக்கு எல்லாம் வேண்டும், பிளவுஸுக்குத் தையல் கூலியே நைட்டி விலையைத் தாண்டிவிடும்.

இப்போது வாங்க வருகிறவர்கள் கேட்பதைக் கேட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். "பாக்கெட் வைத்துத் தருவியா?" என்பதுதான் முதல் கேள்வி. போன், வீட்டுச் சாவி, பால் கார்டு வைக்க. தூங்குகிற உடுப்புக்குப் பாக்கெட் எதற்கு ஐயா? வலது பக்கம் இடுப்புக்குக் கீழே, போன் நழுவாத ஆழத்தில் வைக்க வேண்டும். அதிலும் ஒற்றைத் துணியில் வைத்தால் போன் எடையில் ஒரு பக்கம் தொங்கிவிடும், இரட்டைத் துணி கொடுத்துத்தான் அடிக்கிறேன். சேலையில் இதற்கு வழியே இல்லை. இடுப்பில் செருகிய சுருக்குப் பை என் அம்மாவோடு போயிற்று.

அம்மா காலத்தில் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மட்டும்தான் எங்கள் தெருவில் நைட்டி வாங்குவார்கள். பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் சில மாதம் போடுவார்கள். அப்புறம் போட்டவர்கள் கழற்றவில்லை. என் அப்பா மீனாட்சி கோயில் எதிரே இருக்கும் புது மண்டபத்தில் மிஷின் போட்டிருந்தவர். (இப்போது அந்தக் கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.) நைட்டி தைக்கக் கேட்டு முதன்முதலில் ஆள் வந்தபோது அவர் "சாமியாருக்கு அங்கி தைத்த அளவு சரியாக இருக்கும்" என்று சொல்லி, அதே அளவில் வெட்டிக் கொடுத்தார். அது சரியாகவும் இருந்தது!

மரியாதை என்று சொன்னதற்கும் ஒன்று. எங்கள் மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோதுதான், 1921 செப்டம்பர் 22-ல், காந்தி சட்டை தலைப்பாகையை எல்லாம் விட்டுவிட்டு அரை வேட்டிக்கு மாறினார். அந்தக் கட்டடத்தில் இன்று கதர்க் கடை இருக்கிறது. பத்து வருஷம் கழித்து லண்டனில் ராஜாவைப் பார்க்கவும் அதே அரை வேட்டி, ஒரு சால்வையோடு போனார். எங்கள் செயலாளர் அன்று அந்த அரண்மனை வாசலில் இருந்திருந்தால் லேமினேட் தாளைக் காட்டியிருப்பார்.

தக்கலை அக்கா கேட்டதற்கு: வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் சேலையில்தான் வருகிறார்கள். அவர்கள் பஸ்ஸில் வருகிறார்களே. மேலே போய் நைட்டி மாற்றிக்கொண்டு வேலை செய்துவிட்டு, திரும்பவும் சேலை கட்டிப் போகிறவர்களும் உண்டு. நைட்டியில் கீழே வருகிறவர்கள் எல்லாம் வீட்டுக்காரம்மாக்கள். நீங்கள் கேட்ட பிறகுதான் அதைக் கவனித்தேன்.

யாழ் வாசகி:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இங்கேயும் வீட்டுக்குள்ளும் ஒழுங்கையிலும் நைட்டிதான். ஆம்பிளையளுக்குச் சாரம், நீங்கள் கைலி என்கிறது. கேட்டுக்கு அங்கால போக வேணுமெண்டால் உடுப்பு மாற வேணும்.

எங்களுக்குப் பிரச்சினை பள்ளிக்கூடத்தில். ஆசிரியைகள் சேலைதான் உடுக்க வேணும். 2022-ல் சாமானெல்லாம் விலையேறி, பஸ்ஸும் இல்லாமல் கிடந்த நேரத்தில், நவம்பரில் நாட்டின் சில இடங்களில் ஆசிரியைகள் கொஞ்சப் பேர் சேலையில்லாமல் வேறு உடுப்பில் பள்ளிக்குப் போய்ப் படம் போட்டார்கள். பெரிய வாதமாகிப் போச்சுது. சேலையை மாற்ற ஏலாது என்று கல்வி அமைச்சர் சொல்லிவிட்டார். பிள்ளையைப் பற்றிக் கதைக்கப் போகிற தாய்மாரையும் சேலையில் வரச் சொல்லுகிற பள்ளிகள் இருந்தன. என்னுடைய அம்மா அதுக்கென்றே ஒரு சேலையை மடித்து வைத்திருந்தவ. நான் படிப்பில் கெட்டிக்காரி இல்லை, அதனால் அந்தச் சேலைக்கு அடிக்கடி வேலை வந்தது.

மதுரை அக்கா, போர்டு மாட்டாதேங்கோ. ஒருக்கால் மாட்டினால் பிறகு கழற்ற ஏலாது.

திருச்சி ஓய்வூதியர்:

தக்கலைச் சகோதரி சொன்ன துண்டு விஷயம் சரிதான். எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர்களில் துண்டைத் தோளிலிருந்து எடுக்காமல் வந்தவர்கள் யார் யார் என்று நினைத்துப் பார்த்தேன். நீங்கள் சொல்வது பொருந்துகிறது. அதை மறுக்கவில்லை.

நைட்டி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. பெண்கள் ஆறு மணிக்கு ஏன் பால் வாங்க வர வேண்டும், வீட்டில் ஆண்கள் இல்லையா? கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு அவர்கள் வரட்டுமே.

தக்கலைக்காரி:

ஐயா, இந்தக் கடைசி வரியை அப்படியே லேமினேட் செய்து மாட்டச் சொல்லுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்.

எழும்பூர் வக்கீல்:

கையெழுத்துப் போடலாம். ஆனால் அந்தத் தாளில் கைலிக்கும் தடை இருக்கிறதே! ஆண்கள் பால் வாங்க வர வேண்டுமென்றால் முதலில் பேன்ட் மாட்ட வேண்டும். அப்புறம் யார் வருவார்கள்?

தையல்கடை மதுரை:

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். செயலாளர் நேற்று வந்து "மாட்டவில்லையா?" என்றார். வக்கீல் சார் சொன்னபடியே, "தீர்மான நகல் ஒன்று கொடுங்கள் சார், எந்த விதி என்று எழுதி, அதையும் சேர்த்தே மாட்டுகிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். பொதுக்குழுவில் வைத்துவிட்டுத் தருகிறேன் என்று போனார். பொதுக்குழு அடுத்த மாதம். அதில் பெண்கள் பேர்தான் உரிமையாளர்களாக நிறைய வீட்டுக்கு இருக்கிறதாம். பத்திரச் செலவுக்கோ கடனுக்கோ எதற்கோ மனைவி பேரில் வாங்கியிருக்கிறார்கள். ஓட்டு அவர்களுக்குத்தான். மூன்றாவது மாடி அக்கா ஒருவர் எல்லோரையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். என்ன உடுப்பில் வருவது என்றுதான் இப்போது அவர்களுக்குள் வாக்குவாதம். சேலையில் போனால்தான் சொன்னால் எடுபடும் என்று ஒரு கட்சி, நைட்டியிலேயே போய் உட்கார வேண்டும் என்று இன்னொரு கட்சி. என்னைக் கேட்டார்கள். நான் வியாபாரி, இரண்டுக்கும் துணி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

யாழ் வாசகி:

அக்கா, அந்தப் பாக்கெட் வைத்த சுங்குடி நைட்டி இங்கே அனுப்ப ஏலுமா? எனக்கு ஒன்று, தங்கச்சிக்கு ஒன்று. அவ கொஞ்சம் உயரம்.

தையல்கடை மதுரை:

இலங்கைக்குத் தபால் செலவு நைட்டி விலையைவிடக் கூட வரும் தங்கச்சி. மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் இருக்கிறது. யாராவது தெரிந்தவர்கள் வந்தால் சொல்லுங்கள், கொடுத்து விடுகிறேன். தங்கச்சியின் உயரம் தோளிலிருந்து கணுக்கால் வரை எத்தனை இஞ்ச் என்று டேப்பில் அளந்து எழுதுங்கள். பாக்கெட் வலது பக்கமா, இடது பக்கமா என்பதையும் சொல்லுங்கள்.